பெரிய திரையா, மடக்கித் திருப்பும் லேப்டாப்பா? வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியதெல்லாம்

போன வருடம் என் அக்கா மகள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது "எந்த லேப்டாப் வாங்கலாம் மாமா?" என்று கேட்டாள். "பெருசாவே வாங்கிரு, நாலு வருஷத்துக்கு வேணும்ல" என்று சொன்னேன். 15.6 அங்குலத் திரை, தனி கிராபிக்ஸ் கார்டு, 2.3 கிலோ எடை, சார்ஜர் மட்டும் அரை கிலோவுக்கு மேல். வீட்டிலிருந்து டவுன் பஸ், இறங்கி காலேஜ் பஸ், அப்புறம் மூன்று மாடி ஏறி வகுப்பு. இரண்டாவது மாதம் "தோள் வலிக்குது மாமா" என்றாள், மூன்றாவது மாதத்திலிருந்து லேப்டாப் வீட்டு மேசையிலேயே இருக்கிறது. வகுப்புக்கு நோட்டுப் புத்தகம்தான் போகிறது.

அதே சமயத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் 13 அங்குலத்தில் அழகான கன்வெர்ட்டிபிள் வாங்கினார், திரையை முழுதாகப் பின்னால் மடக்கி டேப்லெட் மாதிரி பிடிக்கிற வகை. நாள் முழுக்க டேலியும் எக்செல்லும்தான் அவருக்கு வேலை. எண் அடிக்கத் தனியாக நம்பர் பேட் வாங்கினார், எழுத்து சின்னதாக இருக்கிறதென்று மானிட்டர் வாங்கினார், அந்தத் திரையை மடக்கவேண்டிய தேவை மட்டும் அவருக்கு வரவே இல்லை.

இரண்டுமே நல்ல மெஷின்கள், ஆள்தான் மாறிவிட்டது. விலை, பிராண்ட், பிராசசர் எல்லாம் பார்த்தோம், அது எங்கே போய் உட்காரப்போகிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் மாடல் பெயர்களை அடுக்கப்போவதில்லை, கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே முடிவெடுக்கிற வழியைச் சொல்கிறேன்.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு தாளில் ஏழு நாளையும் எழுதி, லேப்டாப்பை (இன்னும் வாங்கவில்லை என்றால், வாங்கினால்) எங்கெங்கே திறப்பீர்கள், எவ்வளவு நேரம், எந்த வேலைக்கு என்று குறியுங்கள். வீட்டு மேசை, அலுவலகம், வகுப்பறை பெஞ்ச், ரயில், கட்டில், வாடிக்கையாளர் இடம் என்று எதையும் விடாமல் எழுதுங்கள். மனசுக்குள் நினைத்துக்கொள்வது போதாது. நம்மைப் பற்றி நாம் நினைத்திருப்பது வேறு, நடப்பது வேறு. "நான் நிறைய அலையிற ஆளு" என்று சொல்பவர்கள் எழுதிப் பார்த்தால் வாரத்தில் ஒரு நாள்கூட லேப்டாப்போடு வெளியே போயிருக்கமாட்டார்கள்.

வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வீட்டை விட்டு வெளியே போகிறது என்றால் எடைதான் உங்கள் முதல் கேள்வி. ஒரு நாளோ அதற்கும் குறைவோ என்றால் திரை. நடுவில் இருப்பவர்களுக்கு அடுத்த இரண்டு படிகள் பதில் சொல்லும்.

படி 2: அரிசிப் பொட்டலம் சோதனை

சாதாரண 15.6 அங்குல லேப்டாப் 1.6 முதல் 1.9 கிலோ வரை இருக்கும். கேமிங் வகை 2.2 கிலோவில் தொடங்கி இரண்டரையைத் தாண்டும், அதன் சார்ஜர் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை தனி. 13, 14 அங்குலக் கன்வெர்ட்டிபிள் பெரும்பாலும் 1.3 முதல் 1.6 கிலோ, யுஎஸ்பி-சி சார்ஜர் 200 முதல் 300 கிராம். ஆக முழுப் பையையும் கணக்கில் எடுத்தால் கேமிங் மெஷினுக்கும் சின்னதுக்கும் நடுவே ஒன்றரை கிலோ வித்தியாசம் வரலாம்.

கடையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்து "ஒண்ணும் கனமா இல்லையே" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, அரை நிமிடம் எதையும் தூக்கலாம். நீங்கள் யோசிக்கும் மாடலின் எடையையும் சார்ஜர் எடையையும் கூட்டி, அதே அளவுக்கு அரிசியை நிறுத்து ஒரு பையில் கட்டி, தினமும் கொண்டுபோகும் பையில் வைத்து ஒரு வாரம் சுமந்து பாருங்கள். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் வழக்கம்போல உள்ளே இருக்கட்டும். நின்றுகொண்டே போகிற பஸ்ஸில், படியில், மழையில், எல்லாவற்றிலும். வியாழக்கிழமை வாக்கில் உங்கள் தோளே முடிவைச் சொல்லிவிடும். அக்கா மகளுக்கு இதைச் செய்யச் சொல்லியிருந்தால் அந்தக் காசு வீணாகியிருக்காது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு: பெரிய திரை என்றாலே கனம் என்று எப்போதும் சொல்லமுடியாது. எல்ஜி கிராம் வரிசையில் 17 அங்குலத்தையே 1.35 கிலோவுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அந்த மாதிரி மெஷினுக்கு விலை அதிகம், தவிர எடை குறைந்தாலும் அகலம் குறையாது, பஸ் சீட்டில் மடியில் வைத்தால் பக்கத்தில் இருப்பவர் கையில் இடிக்கும்.

படி 3: ஏ4 தாளை வைத்துத் திரையை அளப்பது

இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

விளம்பரத்தில் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை குறுக்கே அளந்தது. நாம் பயன்படுத்துவது அகலத்தையும் உயரத்தையும். 16:9 விகிதத்தில் (அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு) இருக்கும் 15.6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 34.5 செ.மீ., உயரம் 19.4 செ.மீ. இன்று நல்ல 14 அங்குல மெஷின்கள் பலவும் 16:10 விகிதத்தில் வருகின்றன, அவற்றின் அகலம் சுமார் 30.2, உயரம் 18.8. அதாவது பக்கவாட்டில் நாலு செ.மீ. குறைகிறது, உயரத்தில் குறைவது அரை செ.மீ.தான்! படிப்பது, எழுதுவது, கோடிங், இணையம் எல்லாமே மேலிருந்து கீழே ஓடுகிற வேலை, அதற்கு உயரம்தான் முக்கியம். அப்படிப்பட்ட வேலைக்கு இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 16 அங்குலத்தில் 16:10 எடுத்தால் அகலம் அதே 34.5தான், உயரம் மட்டும் 21.5 ஆகிறது. மேசையில் வைத்துக்கொள்ளவே பெரிய திரை வேண்டும் என்றால் பழைய 15.6-ஐ விட இது எவ்வளவோ மேல்.

ஏ4 தாளைப் படுக்கை வாக்கில் வையுங்கள், 29.7-க்கு 21 செ.மீ. அதன் உயரத்தில் இரண்டு செ.மீ. மடித்துவிட்டால் ஏறக்குறைய 14 அங்குலத் திரை. பழைய செய்தித்தாளில் 34.5-க்கு 19.4 வெட்டினால் 15.6. இரண்டையும் நீங்கள் உட்காரும் இடத்தில் கை நீட்டும் தூரத்தில் சுவரில் ஒட்டிப் பாருங்கள். அதையே வகுப்பறை பெஞ்சிலோ ரயிலின் மடக்கு மேசையிலோ வைத்துப் பாருங்கள், பக்கத்தில் நோட்டு வைக்க இடமிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் எழுத்தின் அளவு. விண்டோஸ் திரையில் இருப்பதை 125 அல்லது 150 சதவீதம் பெரிதாக்கிக் காட்டும். 1920-க்கு 1200 புள்ளிகள் உள்ள 14 அங்குலத்தை 125 சதவீதத்தில் வைத்தால், அதே 125-இல் இருக்கும் 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள 15.6 அங்குலத் திரையைவிட எக்செல்லில் நாலைந்து வரிசை அதிகமாகவே தெரியும். ஆனால் எழுத்து சின்னதாக இருக்கும். நாற்பது தாண்டி, படிக்கக் கண்ணாடி போடுகிறவர்கள் 150-க்குப் போய்விடுவார்கள், போனதும் அந்தக் கூடுதல் வரிசைகள் காணாமல் போகும். அம்மா அப்பாவுக்கு வாங்குபவர்கள் யோசிக்காமல் பெரிய திரைக்கே போகலாம். தமிழில் நிறைய படிக்கிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும், ஒரே அளவு வைத்தாலும் நம் எழுத்தின் சுழிகளும் கொம்புகளும் ஆங்கிலத்தைவிடச் சீக்கிரம் மங்கிப்போகும்.

படி 4: பேனா பிடிப்பீர்களா?

கன்வெர்ட்டிபிளுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுக்க இரண்டு விஷயத்துக்குத்தான்: தொடுதிரையும் பேனாவும் ஒன்று, 360 பாகை திரும்பும் கீல் இன்னொன்று. லெனோவா 2012-இல் யோகா மாடலோடு கொண்டுவந்த அமைப்பு இது, இன்று பெரும்பாலான நிறுவனங்களிடமும் இருக்கிறது. எடை குறைவு என்பதற்காக மட்டும் கன்வெர்ட்டிபிள் வாங்காதீர்கள். அதே எடையில், பல நேரம் இன்னும் குறைவான எடையில், குறைந்த விலையில் மடங்காத சாதாரண 14 அங்குல லேப்டாப் கிடைக்கிறது. என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நான் கடைசியில் சொல்வது அதைத்தான்.

யாருக்கு அந்தப் பணம் தகும்? கணக்கு, இயற்பியல், வேதியியல் படிப்பவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள். சமன்பாட்டையும் படத்தையும் கீபோர்டில் அடிப்பது கொடுமை, கையால் எழுதினால் நொடியில் முடியும். ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் ஆசிரியருக்கு அதுவே கரும்பலகை. பிடிஎஃப் பாடங்களில் ஓரத்தில் குறிப்பெழுதிப் படிக்கிற போட்டித் தேர்வுக்காரர்கள், வரைகிறவர்கள், வாடிக்கையாளரிடம் திரையிலேயே கையெழுத்து வாங்குகிறவர்கள், பிழை திருத்துகிறவர்கள். இவர்களுக்குக் கன்வெர்ட்டிபிள் வந்தபின் பழைய மாதிரிக்குத் திரும்ப மனசே வராது.

இதையும் சோதித்துப் பாருங்கள். இப்போது நோட்டில் கையால் எவ்வளவு எழுதுகிறீர்கள்? வாரத்துக்கு இருபது பக்கம் எழுதுகிறவர் திரையிலும் எழுதுவார். இப்போதே பேனா எடுக்காதவர் லேப்டாப் வாங்கியதும் எழுத ஆரம்பித்துவிடமாட்டார்.

தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் சில. டேப்லெட் மாதிரி கையில் பிடித்துப் படிக்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். தனி டேப்லெட் அரை கிலோ, இது ஒன்றரை கிலோ, பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். மேசையில் படுக்கவைத்தோ மடியில் சாய்த்தோதான் எழுதமுடியும். பேனா பெட்டியோடு வருகிறதா என்று கேளுங்கள், பல மாடல்களில் தனியாக வாங்கவேண்டும். கடையில் நூறு இருநூறு ரூபாய்க்கு விற்கும் ரப்பர் முனைக் குச்சி இந்த வேலைக்கு உதவாது, அது விரலுக்குப் பதில் நிற்பது மட்டும்தான். திரைக்குள்ளேயே பேனாவை உணரும் அமைப்பு இருந்தால்தான் அழுத்தத்துக்கேற்ப கோடு தடிக்கும், உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழாது. எந்த வகைப் பேனாவை ஏற்கும் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும், ஒன்றின் பேனா இன்னொன்றில் எழுதாமல் போகலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மேசையில் பெரிய லேப்டாப், பையில் பேனாவோடு ஒரு டேப்லெட். வீட்டில் கனமான வேலை, வகுப்பில் எழுத்து மட்டும் என்றால் இதுதான் சுலபம். இரண்டு பொருளைச் சார்ஜ் போட்டுப் பராமரிக்கவேண்டும், கோப்புகள் இரண்டிலும் ஒன்றாக இருக்க ஏதாவது ஏற்பாடு வேண்டும், அவ்வளவுதான் தொல்லை. அக்கா மகளுக்கு இப்போது இதைத்தான் செய்யப்போகிறோம்.

படி 5: உள்ளே என்ன ஓடவேண்டும்

சின்ன உடம்பில் சூடு வெளியேற இடம் குறைவு. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு, விளையாட்டு என்று மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடவேண்டிய வேலை இருந்தால் பெரிய மெஷின்தான், இதில் சமரசம் வேண்டாம். ஆட்டோகேடில் இரு பரிமாணப் படம் மட்டும் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓடும், ரெவிட், சாலிட்வொர்க்ஸ் மாதிரி முப்பரிமாண மென்பொருளுக்குப் போனால் வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை ஓடும் மெஷின்கள் இருக்கின்றன, வேகத்தில் நிறைய வித்தியாசம்.

பிராசசரின் பெயர்க் கடைசியில் வரும் எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் யு என்றால் 15 வாட் வாக்கில் சிக்கனமாக ஓடுவது, எச் என்றால் 28 முதல் 45 வாட் வாக்கில் வேகத்துக்கானது. ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள், 7730யு என்றால் அந்த 3 பழைய ஜென் 3 வடிவமைப்பைக் குறிக்கிறது. முதல் எண்ணைப் பார்த்துப் புதுசு என்று நினைத்துவிடக்கூடாது.

ரேம் 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். மெல்லிய கன்வெர்ட்டிபிள்களில் பெரும்பாலும் ரேமை போர்டோடு பற்றவைத்துவிடுவார்கள், பிறகு ஒரு ஜிபிகூடக் கூட்டமுடியாது. 15.6, 16 அங்குலங்களில் பலவற்றில் தனி ஸ்லாட் இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் இருக்காது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்று 8 ஜிபி வாங்கி நாளைக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு பெரிய மெஷினில் மட்டும் ஓரளவு செல்லும்.

பேட்டரியை மணிக்கணக்கில் சொல்வதை நம்பவேண்டாம், வாட் ஹவர் (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) எவ்வளவு என்று பாருங்கள். எழுத்து, இணையம் மாதிரி லேசான வேலைக்கு மெஷின் 6 முதல் 10 வாட் வரை இழுக்கும். 70 வாட் ஹவரை 8-ஆல் வகுத்தால் எட்டரை மணிக்கும் மேல், 42-ஐ வகுத்தால் ஐந்தேகால் மணி. விலை குறைந்த 15.6 மாடல்களில் 42 வாட் ஹவரைச் சாதாரணமாகப் பார்க்கலாம், பெரிய திரைக்கு மின்சாரமும் கொஞ்சம் அதிகம் வேண்டும். வகுப்பறையில் பிளக் பாயின்ட் எல்லோருக்கும் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கீபோர்டில் நம்பர் பேட்: டேலி, பில்லிங், வங்கி வேலை செய்கிறவர்களுக்கு இது ஒன்றே பெரிய லேப்டாப்புக்குப் போகப் போதுமான காரணம். எண் அதிகம் அடிக்காதவர்களுக்கு இது இடைஞ்சல், எழுத்துப் பகுதி இடப்பக்கம் தள்ளிப்போய் உடம்பைக் கொஞ்சம் திருப்பியே உட்காரவேண்டி வரும்.

படி 6: கடையில்

சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர் ஷோரூமோ, அரை மணி நேரம் ஒதுக்கிப் போங்கள், முன்பு வெட்டிய காகிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டிபிள் என்றால் முதலில் கீலைப் பாருங்கள். சாதாரணமாகத் திறந்து வைத்துத் திரையின் மேல் மூலையை விரலால் தட்டுங்கள், ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் தொடுவதும் எழுதுவதும் எரிச்சலாகிவிடும். முழுதாகப் பின்னால் மடக்குங்கள், இரண்டு பாதியும் ஒட்டி நிற்கிறதா, நடுவே காற்றுப் போகிறதா? என்னுடைய முதல் கன்வெர்ட்டிபிளில் இரண்டு வருடத்தில் ஒரு பக்கக் கீல் தளர்ந்து, திரையின் ஓரக் கண்ணாடியும் விரிசல் விட்டது. இந்த வகையில் கண்ணாடியும் திரையும் ஒட்டியே வருவதால் தனியாகக் கண்ணாடியை மட்டும் மாற்றமுடியவில்லை, முழுத் திரைக்கும் சொன்ன விலையில் பழைய லேப்டாப் ஒன்றையே வாங்கியிருக்கலாம். அதனால் கன்வெர்ட்டிபிள் வாங்குகிறவர்கள் தவறி விழுந்தால் ஈடு தரும் கூடுதல் வாரன்டியையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

தொடுதிரை பெரும்பாலும் பளபளப்பானது. கடை விளக்கில் நன்றாகத் தெரியும், ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும். மெஷினை வாசல் பக்கம் கொண்டுவந்து வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். வெளிச்ச அளவு 250 நிட்ஸ் என்றால் பளபளப்புத் திரைக்குப் போதாது, 400 இருந்தால் நல்லது. விலை குறைந்த பெரிய திரைகளில் 45 சதவீதம் என்டிஎஸ்சி (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான ஓர் அளவுகோல், எஸ்ஆர்ஜிபி இன்னொன்று) என்று போட்டிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும், படம், வீடியோ வேலை செய்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி கேளுங்கள்.

படி 7: இன்னும் முடிவு வரவில்லையா

சின்ன லேப்டாப்புக்குப் பின்னாளில் பெரிய திரையைச் சேர்க்கமுடியும், பெரிய லேப்டாப்பின் எடையைப் பின்னாளில் குறைக்கமுடியாது. இரண்டும் சரிசமமாக நிற்கிற ஆளுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே 14 அங்குலம் எடுக்கச் சொல்வேன். 24 அங்குல மானிட்டர் பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது, வீட்டில் அதை இணைத்துவிட்டால் 16 அங்குல லேப்டாப்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான பரப்பு, கழுத்தும் குனியவேண்டியதில்லை. வாங்கும் லேப்டாப்பின் யுஎஸ்பி-சி துளை வழியாகச் சார்ஜும் ஏறி படமும் வெளியே போகுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், சிலவற்றில் அந்தத் துளை தகவலை மட்டும்தான் கடத்தும்.

மேசையை விட்டு நகராது, கனமான வேலை, எண் அதிகம், கண்ணுக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்றால் 16 அங்குலம் எடுங்கள். தினமும் சுமக்கவேண்டும், கையால் எழுதுவீர்கள் என்றால் 14 அங்குலக் கன்வெர்ட்டிபிள். தினமும் சுமக்கவேண்டும், எழுதமாட்டீர்கள் என்றால் மடங்காத 14.

படி 8: பெட்டியைப் பிரித்த முதல் நாள்

திருப்பிக் கொடுக்கிற கெடு பெரும்பாலும் சில நாள்தான், சில இடங்களில் பழுதானால் மாற்றித் தருவார்களே தவிரப் பணம் திரும்பாது, பில் போடும் முன்பே கேட்டுவையுங்கள். முதல் நாளே திரை முழுக்க வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக நிரப்பி இறந்த புள்ளி, அதாவது நிறம் மாறாமல் அப்படியே நிற்கும் புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாத் துளையிலும் எதையாவது செருகிப் பாருங்கள். செட்டிங்கிலோ நிறுவனத்தின் ஆப்பிலோ சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால், எப்போதும் பிளக்கில் இருக்கப்போகும் பெரிய மெஷினுக்கு அதை உடனே போட்டுவிடுங்கள், பேட்டரி நாள்பட உழைக்கும்.

கன்வெர்ட்டிபிள் என்றால் கடைசியாக ஒன்று. எழுதும் ஆப் ஒன்றைத் திறந்து, ஸ்கேலைத் திரை மேல் லேசாக வைத்து, பேனாவால் மூலையிலிருந்து மூலைக்கு மிக மெதுவாகச் சாய்கோடு ஒன்று இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாத் திரையிலும் நேராகத்தான் வரும், மெதுவாக இழுக்கும்போதுதான் குறை தெரியும். கோடு நேராக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு மாதிரி நெளிந்தால் அந்தத் திரையில் உங்கள் கையெழுத்தும் அப்படித்தான் நெளியும், கெடு முடிவதற்குள் பில்லோடு கடைக்குப் போய்விடுங்கள்.